பூங்காவுக்குப் போகாதவருக்காக ஹோட்டல் தேடுங்கள்

டிசம்பர் விடுமுறையில் வெள்ளவத்தையிலிருந்து ஐந்து பேர் சிங்கப்பூர் போகிறீர்கள்: நீங்கள், கணவர், 9 வயது மகன், நான்கரை வயது மகள், 72 வயது அம்மா. பிள்ளைகளுக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்ற பொழுதுபோக்குப் பூங்காவைப் பார்க்க வேண்டும். அது செந்தோசா தீவில் இருப்பதால் தீவுக்குள்ளேயே ஹோட்டல் எடுப்பதா, வெளியே எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, சைவச் சாப்பாடு மட்டும்தான், அதனால் அவரைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமோ என்றும் யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

என் பதில், தீவுக்கு வெளியே, தமிழ்க் கடைகளும் கோயில்களும் உள்ள லிட்டில் இந்தியாவிலோ அதற்கு அடுத்த ஃபேரர் பார்க் பக்கமோ தங்குங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டு கேள்வியும் உண்மையில் ஒரே கேள்விதான்.

நாங்களும் முதல் தடவை போனபோது கடற்கரையோடு ஒட்டிய ஒரு பெரிய ஹோட்டலில்தான் தங்கினோம். பூங்கா ஐந்து நிமிடத்தில் என்று போட்டிருந்தது. ஐந்து நிமிடம் உண்மைதான், ஆனால் அது ஹோட்டல் வண்டி புறப்பட்ட பிறகு எடுக்கும் நேரம், அந்த வண்டி வருவதற்கு அரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மாமியார் எங்களோடு வந்திருந்தார், சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். காலைச் சாப்பாட்டு மேசையில் இருபது வகை இருந்தும் அவர் மூன்று நாளும் பாணும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டார். நாங்கள் பூங்காவில் இருந்த நாள் முழுக்க அவர் அறையில் தனியே இருந்தார். வெளியே இறங்கி நடந்தால் போக ஒரு கடை இல்லை, கதைக்க ஒரு ஆள் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் திரும்பி வந்தபோது விளக்கைப் போடாமல் ஜன்னல் பக்கத்தில் இருந்தார். ஒன்றும் குறை சொல்லவில்லை. அது இன்னும் எனக்குள் இருக்கிறது. இரண்டாவது தடவை லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் அறை எடுத்தோம், அதே மாமியார் நாங்கள் எழும்புவதற்கு முன்பே கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றார்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பூங்காவில் அதிக நேரம் ஓடப்போகிறவருக்காக ஹோட்டல் தேடவேண்டாம், அவர்கள் எங்கே படுத்தாலும் தூங்கிவிடுவார்கள். பூங்காவுக்குப் போகாதவர், அல்லது போய் இரண்டு மணி நேரத்தில் களைத்துத் திரும்பப்போகிறவர் யாரோ, அவருக்காகத் தேடுங்கள். உங்கள் வீட்டில் அது அம்மாவும், மாலை நான்கு மணிக்குப் பிறகு உங்கள் சின்ன மகளும்.

பூங்காவோடு ஒட்டித் தங்கினால்தான் நல்லது என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அமெரிக்காவின் ஒர்லாண்டோவைப் பற்றிய காணொளிகளிலிருந்து வருகிறது. அங்கே அது சரி. ஒர்லாண்டோவில் யுனிவர்சலின் சில உயர்விலை ஹோட்டல்களில் தங்கினால் வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் வசதி அறையோடு சேர்ந்தே வரும். பக்கத்திலிருக்கும் வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் சுமார் 100 சதுர கிலோமீட்டர். கொழும்பு மாநகர எல்லை மொத்தமே 37 சதுர கிலோமீட்டர்தான், அதாவது இரண்டரைக் கொழும்புக்கு மேல் பெரிய இடம், நான்கு பெரிய பூங்காக்கள், நாலைந்து நாள் வேண்டும். அங்கே வெளியே தங்கினால் தினமும் காரில் போய்வருவதிலேயே பொழுது போய்விடும். சிங்கப்பூர் யுனிவர்சல் அப்படியில்லை. அது சுமார் 20 ஹெக்டேயர், நம் காலிமுகத்திடலை நான்கு தடவை போட்ட அளவு. ஒரு நாளில் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம். ஹங்வெல்ல பக்கம் லெஷர் வேர்ல்டுக்குக் காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வருவோமே, அந்த மாதிரி ஒரு நாள் பயணம்தான் இது, ஐந்து இரவுக்கான இடத்தை அந்த ஒரு நாளை வைத்து முடிவு செய்வது சரியில்லை. வரிசையைக் குறைக்க வேண்டுமென்றால் எக்ஸ்பிரஸ் டிக்கட்டைத் தனியாக வாங்கலாம், நீங்கள் எங்கே தங்கினாலும் அது வேலை செய்யும். தீவு ஹோட்டல் ஒன்று ஏதாவது சலுகை தருவதாகச் சொன்னால், அது நீங்கள் பணம் கட்டும் அந்தப் பொதியில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இப்போது தூரத்தைப் பார்ப்போம். செந்தோசாவுக்குப் போகும் ரயில் நிலையம் ஹார்பர்ஃபிரண்ட், அது வடகிழக்கு ரயில் பாதையின் கடைசி நிலையம். அதே பாதையில்தான் லிட்டில் இந்தியாவும் ஃபேரர் பார்க்கும் இருக்கின்றன. லிட்டில் இந்தியாவில் ஏறினால் டோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க், அடுத்து ஹார்பர்ஃபிரண்ட், ஐந்தாவது நிறுத்தம். நீங்கள் வெள்ளவத்தையில் ஏறி பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று கோட்டைக்குப் போகிறீர்களே, கிட்டத்தட்ட அவ்வளவு நிறுத்தம்தான், ஆனால் குளிரூட்டிய வண்டி, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் போய்விடும், மாறி ஏறத் தேவையில்லை. இறங்கினால் மேலே விவோசிட்டி என்ற பெரிய கடைத்தொகுதி, அதன் மூன்றாம் மாடியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற சிறு ரயில் புறப்படும், முதல் நிறுத்தமே யுனிவர்சல் இருக்கும் தொகுதியான ரிசோர்ட்ஸ் வேர்ல்ட், அதில் இறங்கினால் யுனிவர்சலின் உருண்டை பூகோளம் கண்ணுக்கு முன்னால். தீவுக்குள் போகும்போது ஆளுக்கு 4 சிங்கப்பூர் டொலர், திரும்பி வருவது இலவசம். நடக்க விருப்பமென்றால் கடலோரமாக நடைபாதை இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை, பதினைந்து நிமிடம் போலப் பிடிக்கும், பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு வேடிக்கைதான்.

திரும்பி வரும் நேரத்தைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். காலையில் போகும்போது எல்லாருக்கும் உற்சாகம், அரை மணி நேரம் கூடினாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். பூங்கா மூடும் நேரத்தில் மகள் உங்கள் தோளில் தூங்கிக்கொண்டிருப்பாள், மகனுக்குக் கால் வலிக்கும், பையில் ஈர உடுப்பு. அந்த நேரத்தில் ஹார்பர்ஃபிரண்ட் கடைசி நிலையம் என்பது பெரிய உதவி, ஏனென்றால் ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது, வந்த ஆட்கள் எல்லாரும் இறங்கிவிடுவார்கள், ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் ஏறினால் எல்லாருக்கும் இருக்கை கிடைக்க நல்ல வாய்ப்பு. இதே தூரத்தில் வேறு பாதையில் இரண்டு தடவை மாறி ஏறும் இடத்தில் தங்கியிருந்தால், தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீண்ட சுரங்கப் பாதையில் நடக்க வேண்டும். வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்க்காமல் எத்தனை தடவை மாறவேண்டும் என்று பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ரயில் வேண்டாம், டாக்சியில் போய்விடலாம் என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். சிங்கப்பூரில் சாதாரண டாக்சியில் நாலு பேருக்குத்தான் இடம், பிள்ளையும் ஒரு ஆளாகக் கணக்கு. நம் ஊரில் ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போவது போல முடியாது. ஐந்து பேருக்கு ஆறு இருக்கை வண்டி வேண்டும், விலை கூட, மழை நேரத்தில் கிடைப்பதும் கஷ்டம். 1.35 மீட்டரை விட உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு வண்டியில் தனி இருக்கை கட்டாயம், தெருவில் பிடிக்கும் டாக்சிக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் செயலியில் கூப்பிடும் தனியார் வண்டிக்கு விலக்கு இல்லை. உங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்த உயரத்துக்குக் கீழேதான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால் ரயில் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய ஹோட்டல் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அம்மாவுக்காகச் சொன்னால் ஐந்து நிமிட நடைக்குள்.

அம்மாவின் நாள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லிட்டில் இந்தியாவில் காலையில் எழும்பினால் வீரமாகாளியம்மன் கோயில் நடை தூரம், ஃபேரர் பார்க் பக்கம் என்றால் சீனிவாசப் பெருமாள் கோயில். மதியத்தில் நடை சாத்திவிட்டு மாலையில் திறப்பார்கள், அதனால் காலையிலேயே போவது நல்லது. சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது, தோசையும் இட்லியும் சைவச் சாப்பாடும் அங்கே கவலையில்லாமல் சாப்பிடலாம், அதைப் போல இன்னும் பல சைவக் கடைகள் அந்த ஒரே தெருவில். பூக்காரர், மாலை கட்டுகிறவர், வெற்றிலைக் கடை, தமிழிலேயே விலை கேட்கலாம், தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று, எச்சரிக்கைப் பலகையில்கூடத் தமிழைப் பார்ப்பார். 72 வயதில் ஒருவர் வெளிநாட்டில் தனியே கீழே இறங்கி ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி அறைக்கு வரக்கூடியதாக இருக்கிறதென்றால், நீங்கள் பூங்காவில் நிம்மதியாக இருக்கலாம், அவரும் உங்களுக்குப் பாரமாக இருக்கிறேன் என்று நினைக்கமாட்டார். அவருக்குப் பூங்கா டிக்கட் எடுக்கவே வேண்டாம், அந்தக் காசில் இன்னொரு நாள் எல்லாருமாகச் செந்தோசாவில் புதிய ஓஷனேரியத்தைப் பார்க்கலாம், 2025 நடுவில் திறந்தது, பழைய மீன்காட்சியகத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், அங்கே அம்மாவும் மெதுவாகப் பார்த்துக்கொண்டு வரலாம். நேரம் இருந்தால் காத்தோங் பக்கம் சிலோன் ரோட்டில் இருக்கும் செண்பக விநாயகர் கோயிலுக்கும் அவரைக் கூட்டிப்போங்கள், அது அந்தக் காலத்தில் போய்க் குடியேறிய இலங்கைத் தமிழர் எழுப்பிய கோயில், அவருக்கு அது வேறு மாதிரியான சந்தோஷம்.

லிட்டில் இந்தியாவிலும் எல்லா ஹோட்டலும் நல்லதென்று நான் சொல்லவில்லை. அங்கே மலிவாகக் கிடைக்கும் பல அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. இது சிங்கப்பூரில் சாதாரணம், ஆனால் பதிவு செய்யும் பக்கத்தில் சின்ன எழுத்தில்தான் இருக்கும். ஒரு இரவுக்குச் சமாளிக்கலாம், ஐந்து இரவுக்கு அம்மாவை அதில் இருத்தவே கூடாது, பகலா இரவா என்றே தெரியாது. பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டிய சிறு ஹோட்டல்கள் பார்க்க அழகு, சிலவற்றில் லிஃப்ட் இல்லை, மூன்றாம் மாடிக்கு மரப்படியில் ஏற வேண்டும். குளியலறையில் வாசல்படி உயரமா, நின்று குளிக்கும் இடம் வழுக்குமா என்று படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், தங்கியவர்கள் போட்ட படங்களில்தான் உண்மை தெரியும். அறை எத்தனை சதுர மீட்டர் என்பதையும் பாருங்கள். பன்னிரண்டு சதுர மீட்டர் அறையில் இரண்டு சூட்கேஸைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருக்கள் நிறைந்துவிடும், வாரம் முழுக்க உழைக்கும் தொழிலாளர்களுக்கு அது ஒரே ஓய்வு நாள், நண்பர்களைப் பார்க்கவும் ஊருக்குக் காசு அனுப்பவும் வருவார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஞாயிறு மாலை சூட்கேஸ்களோடும் முழங்கால் வலியோடும் போய் இறங்குகிற மாதிரித் திட்டம் போடவேண்டாம்.

ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைக்காது. குடும்ப அறை என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். பிள்ளை சின்னவள்தானே என்று நான்கு பேர் அறையை எடுத்துவிட்டு ஐந்து பேராகப் போய் நிற்காதீர்கள், பதிவு மேசையில் ஐந்து பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். இரண்டு அறை எடுங்கள், நடுவில் கதவு உள்ள இணைந்த அறைகளாகக் கேளுங்கள், இல்லையென்றால் ஒரே மாடியில் பக்கத்துப் பக்கமாக. இதைப் பதிவு செய்த உடனே ஹோட்டலுக்கு நேரே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். அறையில் கேத்தலும் சின்னக் குளிர்ப்பெட்டியும் இருக்கிறதா என்று அதே மின்னஞ்சலில் கேளுங்கள், பிள்ளைக்குப் பால், அம்மாவின் மருந்து இரண்டுக்கும் வேண்டும்.

விலையைப் பார்க்கும்போது கடைசியில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் நிறுத்திக் கணக்குப் பாருங்கள். 10 வீதம் சேவைக் கட்டணம், அந்த மொத்தத்தில் 9 வீதம் வரி. 200 டொலர் என்று காட்டும் அறை 239.80 ஆகிவிடும், இரண்டு அறை, ஐந்து இரவு என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 400 டொலர் வித்தியாசம். அப்புறம் நம் வங்கி அட்டையால் வெளிநாட்டுக் காசில் கட்டும்போது வங்கியும் தன் பங்குக்குச் சேர்க்கும். இதையெல்லாம் சேர்த்த பிறகுதான் இரண்டு ஹோட்டலை ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் இதில் போய் மாட்டுகிறார்கள். தமிழ்க் குடும்பம், வீட்டுச் சமையல், முழு அறை, ஹோட்டலில் பாதி விலை என்று யாராவது உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். சிங்கப்பூரில் அரசாங்க அடுக்குமாடி வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது, சுற்றுலாப் பயணிக்கு விடவே கூடாது. தனியார் வீடென்றால் குறைந்தது மூன்று மாதம். அதைவிடக் குறைவாக விடுவது சட்டவிரோதம், அங்கே அதைக் கடுமையாகப் பார்க்கிறார்கள். உறவினர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு விஷயம், அதில் பிரச்சினை இல்லை. காசு கொடுத்துத் தங்கும் வீட்டில் நடு வழியில் பிரச்சினை வந்தால் பிள்ளைகளோடும் அம்மாவோடும் இரவில் வேறு இடம் தேட வேண்டி வரும். விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

இப்போது முதல் நாள். கட்டுநாயக்கவிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம் போல, அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே. இரவில் புறப்படும் விமானத்தை எடுத்தீர்களென்றால் அங்கே விடிந்த பிறகுதான் இறங்குவீர்கள், யாரும் ஒழுங்காகத் தூங்கியிருக்கமாட்டார்கள். ஹோட்டலோ பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் அறை தரும். இந்த ஏழெட்டு மணி நேரத்தை எங்கே கழிக்கப் போகிறீர்கள் என்பதும் இடம் தேர்வு செய்வதில் சேர்ந்ததுதான். தீவு ஹோட்டல் என்றால் வரவேற்பறைச் சோபாவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் களைப்போடு பூங்காவுக்குப் போய் விலை கூடிய ஒரு நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். லிட்டில் இந்தியாவில் பெட்டிகளை ஹோட்டலில் விட்டுவிட்டு, தோசை சாப்பிட்டு, கோயிலுக்குப் போய், தேக்கா சந்தையைப் பார்த்து, மத்தியானம் வந்து அறையில் படுத்துவிடலாம். செலவு செய்யக் கூடுமானால் இரண்டு அறையில் ஒன்றை மட்டும் முந்தின இரவிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள், காலையில் அம்மாவும் மகளும் நேரே போய்ப் படுக்கலாம், ஆனால் அதிகாலையில்தான் வருவோம் என்று முன்பே எழுதி அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் வரவில்லை என்று அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடக்கூடும். சாங்கி விமான நிலையத்திலிருந்து ரயிலில் வருவது சுலபம், எக்ஸ்போ நிலையத்தில் டவுன்டவுன் ரயில் பாதைக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா, ஆனாலும் அன்றைக்கு மட்டும் சாங்கியில் ஆறு இருக்கை வண்டி எடுங்கள். பெட்டி, தூக்கம், முழங்கால் மூன்றையும் ஒன்றாகச் சமாளிக்க வேண்டாம். அங்கே போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம், காசு கேட்கும் தளம் அரசாங்கத்துடையது இல்லை.

தீவில் தங்குவது எப்போதும் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஒரு இரவு தங்குவதற்கு நல்ல காரணம் இருக்கிறது, குறிப்பாக அம்மாவும் பூங்காவைப் பார்க்க ஆசைப்பட்டால். அப்படியென்றால் பூங்கா நாளின் இரவைத் தேர்ந்தெடுங்கள், முந்தின இரவை அல்ல. காலையில் பெட்டியை அந்த ஹோட்டலில் விட்டுவிட்டுத் திறக்கும் நேரத்துக்குப் பூங்காவில் நிற்கலாம். வெயில் ஏறியதும், அறை கிடைத்ததும், அம்மாவும் சின்னவளும் போய்ப் படுக்கலாம், கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்தால் அதே நாளில் திரும்பவும் உள்ளே போகலாம். மறுநாள் ஓஷனேரியத்தையோ நீர்ப்பூங்காவையோ பார்த்துவிட்டு ஊருக்குள் திரும்பலாம், ஒரு இரவுக் காசில் இரண்டு நாள் பயன். இதற்கு ரிசோர்ட்ஸ் வேர்ல்டுக்கு உள்ளேயே நடந்து போகும் தூரத்தில் உள்ள ஹோட்டலாக இருக்க வேண்டும், தீவின் மறுபக்கக் கடற்கரை ஹோட்டல் இதற்கு உதவாது. பெரிய பெட்டிகளை லிட்டில் இந்தியா ஹோட்டலிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு ஒரு சின்னப் பையோடு போங்கள். ஐந்து பேர் எல்லாச் சாமான்களையும் கட்டி, மாறி, மறுபடி அவிழ்ப்பதற்கு அரை நாள் போய்விடும். உங்கள் அம்மாவுக்குப் பூங்காவில் பெரிய ஆசை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு இது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

டிசம்பர் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் அப்போது ஆண்டிறுதி விடுமுறை, பூங்காவில் வரிசையும் நீளம், அறை விலையும் கூட. வடகிழக்குப் பருவமழை நேரமும் அதுதான், மத்தியானம் ஊற்றும், மின்னல் அடித்தால் வெளியில் உள்ள ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். நாளை மாற்ற முடியுமென்றால் நம் சித்திரை வருடப் பிறப்பு விடுமுறையில் போங்கள், ஏப்ரலில் அங்கே பள்ளிக்கூடம் நடக்கும், பெரிய வெள்ளியை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்தால் போதும். ஆகஸ்டும் அப்படித்தான், 9ஆம் திகதி அவர்களது தேசிய நாளைத் தவிர்த்துவிட்டு. டிசம்பர்தான் என்றால் பூங்காவுக்கு வாரநாள் ஒன்றை எடுங்கள், எக்ஸ்பிரஸ் டிக்கட்டுக்குக் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள், ஹோட்டலில் மிச்சம் பிடிப்பதை அதில் போடலாம்.

மகளை இப்போதே சுவரோடு நிறுத்தி உயரம் அளந்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபோமர்ஸ் சவாரிக்கு 102 சென்டிமீட்டர் வேண்டும், மம்மி சவாரிக்கு 122, பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125. மகன் அநேகமாக எல்லாவற்றிலும் ஏறலாம், மகளுக்குப் பாதி பூங்காதான். 2025 பெப்ரவரியில் திறந்த மினியன் பகுதி அவளுக்குப் பிடிக்கும். அவள் மூன்று மணிக்கே போதும் என்று சொன்னால், உங்களில் ஒருவர் அவளோடு கிளம்பி அம்மாவிடம் போய்விடலாம், மற்றவர் மகனோடு மூடும்வரை நிற்கலாம். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து ஒரே ரயிலில் இருபது முப்பது நிமிடத்தில் அறைக்கு வரலாம் என்பதால்தான் இந்த மாதிரிப் பிரிந்து வருவது சாத்தியம்.

அடுத்த வருடம் பாரிஸில் இருக்கும் மச்சாளிடம் போய் டிஸ்னிலேண்டும் பார்க்க நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே என் பதில் வேறு. அது நகரத்துக்குக் கிழக்கே 32 கிலோமீட்டர், இரண்டு பூங்கா, டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களை மற்றவர்களுக்கு முன்னதாக உள்ளே விடுவார்கள், இரவுக் காட்சி முடிய நேரமாகும். நம் ஆட்கள் பலர் இருக்கும் லா கூர்னவ் பக்கமிருந்து நகரின் நடுவுக்கு வந்து ஆர்ஈஆர் ஏ என்ற புறநகர் ரயில் பாதைக்கு மாறிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல். டிக்கட் 2025 ஜனவரியிலிருந்து எவ்வளவு தூரமானாலும் ஒரே விலைதான், 2025இல் அது 2.50 யூரோவாக இருந்தது, அதனால் பிரச்சினை காசு இல்லை, குளிரில் நள்ளிரவை ஒட்டித் தூங்கும் பிள்ளையோடு திரும்புவதுதான் பிரச்சினை. மச்சாள் வீட்டிலேயே மற்ற நாளெல்லாம் இருங்கள், பூங்காவுக்கு மட்டும் ஒரு இரவு பக்கத்தில் எடுங்கள், டிஸ்னி ஹோட்டல் விலை கட்டாவிட்டால் ஒரு நிறுத்தம் முன்னால் வால் துரோப் நிலையத்தருகே பாருங்கள். அம்மா அன்றிரவு மச்சாளோடு இருக்கலாம், அங்கே அவருக்கு வீடு இருக்கிறது.

சிங்கப்பூரில் அப்படியொரு வீடு இல்லை என்றுதானே அவரை விட்டுவிட்டுப் போக யோசித்தீர்கள். முதலில் தேதியை முடிவு செய்யுங்கள், அடுத்ததாக லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் இரண்டு நிலையத்தையும் சுற்றி ஐந்து நிமிட நடைக்குள் ஜன்னலும் லிஃப்டும் உள்ள, இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய இரண்டு அறையைப் பதிவு செய்துவிடுங்கள், பூங்கா டிக்கட்டை அதற்குப் பிறகு வாங்கலாம். அறையின் படத்தை அம்மாவிடம் காட்டுங்கள், கீழே தெருவில் கோயில் எந்தப் பக்கம், சாப்பாட்டுக் கடை எந்தப் பக்கம் என்று வரைபடத்திலும் காட்டுங்கள். வருகிறேன் என்று அவரே சொல்வார் என்று நினைக்கிறேன்.